சித்தப்பா வீடு

"சேவு, நீயும் ஏதாச்சும் எழுதிக் குடுடா, மலர்ல ரெண்டு பக்கம் காலியா இருக்கு" என்றார்கள். நட்பைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஏற்கெனவே பதினோரு பேர் நட்பைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நீங்கள் தப்பித்தீர்கள்!

சேவு என்பது அடியேனுக்கு இந்தக் கல்லூரி வைத்த பெயர். சொந்த ஊர் சாத்தூர். முதல் மாதம் ஊரிலிருந்து ஒரு கிலோ காராச்சேவு கொண்டுவந்து வகுப்பில் பிரித்தேன். இண்டர்வெல் பெல் அடித்து முடிவதற்குள் பை காலி. அன்றோடு என் சொந்தப் பெயரும் காலி. அட்டெண்டன்ஸில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

காலேஜில் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் எல்லோரையும் மூன்று கேள்வி கேட்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பேர் என்ன, எந்த ஊரு, எங்கே தங்கியிருக்கே. முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்றாவதற்கு, "சித்தப்பா வீட்ல. வில்லாபுரம்" என்றேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது. அப்பா ஒரே பிள்ளை.

2023-ல் அட்மிஷன் போட வந்த அன்று, கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவும் நானும் கணக்குப் போட்டோம். வழி நாலு இருந்தது. முதலாவது, தினமும் சாத்தூரிலிருந்து வந்து போவது. ஒரு வழிக்கே எழுபது கிலோமீட்டருக்கு மேல். அந்தி சாய்ந்து வீடு போய்ச் சேர்ந்து, டிராயிங் ஷீட்டை எப்போது விரிப்பது? இரண்டாவது, நாலு பையன்களாகச் சேர்ந்து வெளியே ரூம் எடுப்பது. அட்வான்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது, கல்லூரி ஹாஸ்டல். அங்கே இருந்த ஒரு சீனியர் அண்ணன் எங்களுக்கு டிவைடிங் சிஸ்டத்தை விளக்கினார். அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, யார் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அந்த நாட்களையெல்லாம் கூட்டி அதால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். அதை நாம் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் நம் பில். லீவில் ஊருக்குப் போகிறவன் முன்கூட்டியே நோட்டில் எழுதிவைத்தால்தான் கழிப்பார்கள். மறந்து போனால் நீ ஊரில் தின்றதற்கு இங்கேயும் காசு. அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியில மாசம் எவ்வளவு தம்பி வரும்?" என்றார். அண்ணன் சொன்னார். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர். வாரச் சம்பளக்காரருக்கு மாதத் தொகையைக் கேட்டால் மனசுக்குள் நாலால் வகுக்க வேண்டும். அவர் வகுத்து முடித்ததை முகத்திலேயே பார்த்தேன்.

ஆக, நாலாவது வழி. அரசு விடுதி. தங்குவதும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று, போனஃபைடு, போட்டோ கொடுத்தால் போதும். அரசாங்கம் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுத் தொகையை அந்த வருஷம்தான் 1,500 ஆக்கியிருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு மாட்டுத்தாவணியில் ஒரு வேளை பரோட்டாவே வயிறு நிறையச் சாப்பிட முடியாது. அதில் மூன்று வேளையும் போட்டு முட்டையும் வைக்கிற எங்கள் சமையல்கார அண்ணனுக்கு ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது என் நீண்ட நாள் கோரிக்கை. (சங்கத் தலைவர் கவனிக்க!)

விடுதி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கட்டடத்தின் நெற்றியில் பெரிய போர்டு. 'அரசு ஆதிதிராவிடர் நல கல்லூரி மாணவர் விடுதி.' ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. நான் அதைப் பார்த்தபடி நின்றதை அப்பா பார்த்துவிட்டார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லப்பா."

"சோறு போடுறாங்க, படுக்க இடம் குடுக்காங்க. போர்டை நீயா தலையில தூக்கிட்டுப் போகப்போற?"

தூக்கிக்கொண்டு போகத்தான் போகிறேன் என்று அப்பாவுக்கும் தெரியும். அன்று ராத்திரியே அம்மாவிடமிருந்து போன். "எங்கய்யா தங்கியிருக்கன்னு கேட்டா பொத்தாம் பொதுவா மதுரையிலன்னு சொல்லு. வெவரமாச் சொல்லீராத." அந்த வருஷம் ஆகஸ்ட் 9-ம் தேதி ராத்திரி நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு அம்மா போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "யார்ட்டயும் சொல்லலைல்ல?" என்றுதான் கேட்பார்.

ராகிங்குக்குச் சட்டம் இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின், 1997-ல் தமிழ்நாட்டில் போட்ட சட்டம். இன்றைக்கு அட்மிஷனின்போது நாமும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அப்பா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுல போட்டா அடிக்க மாட்டாங்கள்ல?" என்று கேட்டார். ஆபீஸில் சிரித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் என் மூன்று வருஷத்தில் யாரும் என்னை ராகிங் செய்ததில்லை. விடுதியில் சீனியர்கள் என்னிடம் கேட்டது சோப்பு மட்டும்தான். வாங்கியது திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'எங்கே தங்கியிருக்கே' என்று சாதாரணமாக ஒருவன் கேட்கிறபோது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அதற்கு எந்த ஹெல்ப்லைனும் கிடையாது.

விடுதி வாழ்க்கை சுலபமாகவே பழகிவிட்டது. ஒரு ஹாலுக்குப் பன்னிரண்டு பாய். செல் சார்ஜ் போட மூன்று பிளக், அதற்குச் சண்டை. காலை நாலரைக்கு எழுந்தால் பாத்ரூம் ராஜபோகம், ஆறு மணிக்கு எழுந்தால் ரேஷன் கடை. டிராயிங் டேபிள் கிடையாது. தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் போர்டை வைத்து, முட்டி போட்டு வரைவேன். என் ஐசோமெட்ரிக் வியூவில் எல்லாம் ஒரு மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருப்பதற்கு அந்தப் பெட்டியின் நசுங்கல்தான் காரணம் என்று மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

கஷ்டமெல்லாம் காலேஜில்தான். ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது பெரும்பாடு. சித்தப்பா என்ன வேலை? மில்லில் சூப்பர்வைசர். பிள்ளைகள்? இரண்டு பெண் குழந்தைகள், சத்தம் தாங்காது, அதனால்தான் யாரையும் வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை. ஒரு நாள் பேச்சு வாக்கில் ஒரு நாய்க்குட்டியையும் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் திருமங்கலத்தான், "மாப்ள, நாய்க்கு ஊசி போட்டாச்சா?" என்று அக்கறையாகக் கேட்டபோது எனக்கே ஊசி போட்ட மாதிரி இருந்தது. (ஆட்களை ஊர்ப் பெயரால் சொல்கிறேன். வகுப்பில் நாம் கூப்பிடுவதும் அப்படித்தானே.)

அதே வழியில் வரும் பையன்கள் பஸ்ஸில் இருந்தால் விடுதி ஸ்டாப்பில் இறங்க மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருவேன். மழையில்கூட. கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் ஹாஸ்டல் டேக்குக் கூப்பிட்டார்கள், போய் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டேன். திருமங்கலத்தான் வீட்டுத் திருவிழாவுக்குப் போனேன். தினமும் மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் பேரையூரான் ரூமில் செமஸ்டருக்கு முன்னால் நாலு ராத்திரி படுத்துப் படித்தேன். ஒருவரைக்கூட நான் பதிலுக்குக் கூப்பிட்டதில்லை. 'சேவு ஒரு மாதிரி, ஒட்ட மாட்டான்' என்று பேச்சு. ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்டதுதான் உண்மை.

இதில் ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடுதியில் என் பக்கத்துப் பாய், வத்திராயிருப்பான். நம் கல்லூரிதான், ஆனால் சிவில். ராத்திரி பதினொரு மணிக்கு என் கால்குலேட்டரில் கணக்குப் போடுவான், அவன் அம்மா கொடுத்துவிட்ட ஊறுகாயில் பாதி என்னுடையது. காலையில் ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு பேரும் முகம் கழுவிக் கிளம்புவோம். பஸ்ஸில் அவன் முன்வாசல், நான் பின்வாசல். காலேஜ் வராண்டாவில் எதிரே எதிரே வந்தால் முன்பின் தெரியாத ஆள் போலக் கடந்து போவோம். இப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை. அவன் தன் வகுப்பில் 'ரூம்ல இருக்கேன்' என்று சொல்லியிருந்தான். என்னைத் தெரியும் என்றால் அவன் ரூம் போய்விடும், அவனைத் தெரியும் என்றால் என் சித்தப்பா போய்விடுவார். அவ்வளவுதான் கணக்கு.

2024 அக்டோபர். மூன்றாவது செமஸ்டர். மதுரையில் மழையும் கொசுவும். ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வந்துகொண்டிருந்தோம். ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தால் கீழே கிடக்கிறவன் வத்திராயிருப்பான். மூன்று நாளாகக் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு கிளாசுக்கு வந்திருந்தான். காலையில் நான்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, 'இன்னிக்கு லீவு போடுடா' என்றேன். இண்டர்னல் டெஸ்ட் என்று கேட்கவில்லை.

சிவில் சார் ஒருவர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் எங்கப்பா தங்கியிருக்கான்? யாருக்காவது தெரியுமா? வீட்டு நம்பர் யார்ட்டயாவது இருக்கா?" என்று கேட்டார். அவன் வகுப்புப் பையன்கள், "ரூம்னு சொன்னான் சார், எந்த ரூம்னு தெரியல" என்றார்கள். ஆபீஸ் ரிக்கார்டில் இருந்த அவன் அப்பா நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப்.

எனக்குத் தெரியும். அவன் அப்பா செல் ரிப்பேரில் கிடக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா நம்பருக்கு அடித்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அந்த நம்பர் எங்கள் விடுதிக் காப்பாளரிடம் இருக்கிறது. இவ்வளவும் தெரியும். என் இடது பக்கம் திருமங்கலத்தான், வலது பக்கம் பேரையூரான். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, 'உனக்கு எப்படிரா தெரியும்?'

நான் நின்றேன். நண்பர்களே, அடித்துத் திருத்தி எழுத இடம் இல்லாத விஷயம் இது. நான் சும்மா நின்றேன். 108 வந்தது, ஏற்றினார்கள், சார் கூடப் போனார். கூட்டம் கலைந்தது. நான் வொர்க்ஷாப்புக்குப் போய் இரண்டு மணி நேரம் ஃபைலிங் செய்தேன். சாயங்காலம் விடுதிக்குப் போனதும்தான் காப்பாளரிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த மூன்றரை மணி நேரம் பெரியாஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தது முன்பின் பழக்கமில்லாத அந்த ஒரு சார்தான்.

டெங்கு. பிளேட்லெட் குறைந்திருந்தது. ஆறு நாளில் தேறிவிட்டான். இரண்டாம் நாள் நான் பார்க்கப் போனபோது, அவன் அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டான்.

"கூட்டத்துல நீ நின்னியாடா?"

"நின்னேன்."

கொஞ்ச நேரம் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ம். நானா இருந்தாலும் நின்னிருப்பேன்" என்றான். என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் முதல் பீரியட் முடிந்ததும் திருமங்கலத்தான், "அந்த சிவில் பையன் எப்படி இருக்கானாம், யாருக்காச்சும் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"தேறிட்டான். என் ரூம்மேட்டுடா அவன்" என்றேன்.

"நீ சித்தப்பா வீட்லல்ல இருக்கே?"

"சித்தப்பாவே கிடையாது." போர்டில் இருந்த பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சொன்னேன். சுருக்கவில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெஞ்சில் யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். திருமங்கலத்தான் என்னையே பார்த்தான். பிறகு, "அப்ப அந்த நாய்க்குட்டி?" என்றான்.

"அதுவும் கிடையாது."

"அடப்பாவி! அதுக்குப் பேரு வைக்கச் சொல்லி என்னை ஒரு வாரம் யோசிக்க விட்டியேடா!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சார் எங்களை வெளியே நிற்கச் சொன்னார். என் டிப்ளமோ வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வெளியே நின்ற ஒரே பீரியட் அது.

சினிமாவாக இருந்தால் இங்கே பாட்டு வந்திருக்கும். நடந்தது வேறு. பேரையூரான் அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வாரமும் என்னோடுதான் சாப்பிட்டான், தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு. அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போனான். 'அங்க காத்து வருது' என்றான். இன்றும் பார்த்தால் 'என்ன சேவு' என்பான், நானும் 'என்னடா' என்பேன். இதைப் படித்தால் கோபப்படுவானோ என்னவோ. அவன் ரூமில் படித்த அந்த நாலு ராத்திரி இல்லையென்றால் மேத்ஸில் எனக்கு அரியர் விழுந்திருக்கும். அந்த நன்றியும் எனக்கு இருக்கிறது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருமங்கலத்தான் அடுத்த ஞாயிறே விடுதிக்கு வந்துவிட்டான். வரிசையில் தட்டோடு நின்று, கோழிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, வத்திராயிருப்பான் ஊறுகாயையும் காலி செய்தான். இப்போது மாதம் ஒரு முறையாவது வருகிறான். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா போன் செய்தார். "எங்கடா இருக்கே?" என்று கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது. "காலேஜ் ஹாஸ்டல்லம்மா" என்றான். போனை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ல இன்னும் சொல்லல மாப்ள. சொல்லணும்" என்றான். வத்திராயிருப்பான் அவன் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தான். எங்களுக்குத் தெரியாத கஷ்டமா?

வத்திராயிருப்பானும் நானும் இப்போது பஸ்ஸில் ஒரே வாசலில் ஏறுகிறோம். அதற்கு இரண்டு பேருக்கும் கூச்சம் தெளிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று என்பது வேறு கதை.

2025 ஜூலையில் முதலமைச்சர் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் என்று தனித்தனித் துறைகள் நடத்தும் 2,700-க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் இனி ஒரே பெயர், 'சமூகநீதி விடுதி'. நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று 2024-லேயே பரிந்துரைத்திருந்தது. எங்கள் நெற்றியிலும் பெயின்டர் ஏறினார். நானும் வத்திராயிருப்பானும் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று டீ குடித்தபடி பார்த்தோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தாவது செமஸ்டருக்குப் பதில் முதல் செமஸ்டரிலேயே ஏறியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது. அவனோ, "கண்டக்டர் நாளைக்கு என்ன பேரைச் சொல்லிக் கத்துறார்னு பார்ப்போம்" என்றான். மறுநாள் கண்டக்டர் பழைய பெயரைச் சொல்லித்தான் கத்தினார். இன்னும் அப்படித்தான்.

இந்த வருஷம் விடுதிக்குப் புதுப் பையன்கள் வந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம், பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி. எங்கள் ஸ்டாப் வந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. நான் இறங்கிவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து ரோட்டோரமாக நடந்து வந்தான், முதுகுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, நான் நடந்து வந்த அதே நடை.

மறுநாள் நானும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஒன்றும் கேட்காமல் கூட நடந்தேன். பாதி தூரம் வந்ததும் அவனே, "அண்ணே, காலேஜ்ல யார்ட்டயும் சொல்லீராதீங்கண்ணே" என்றான். "சரிடா" என்றேன். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது அந்த ஸ்டாப்பில் இறங்கி அவனோடு நடக்கிறேன். பேச்சு பெரும்பாலும் டிராயிங்கைப் பற்றித்தான். அவனுக்கும் படம் ஒரு பக்கம் சாய்கிறதாம். என் தகரப் பெட்டியைக் காட்டி நசுங்கல் இல்லாத பக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மலர்க்குழு கேட்ட இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பைனல் இயர் மாணவர்கள் எல்லோருடைய விலாசமும் அச்சடிப்பார்களாம், என்னுடையதற்கு நேரே 'மதுரை' என்று மட்டும் முதலாம் ஆண்டில் எழுதிக் கொடுத்தது இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருவேளை அச்சில் விட்டுப்போனால், இங்கே குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதிய போர்டு, கீழே டீக்கடை. இரண்டாவது மாடி, படியேறியதும் இடது கை ஹால், ஜன்னலை ஒட்டி இரண்டு பாய். ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்னிரண்டரைக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் வந்தால் குழம்புதான் இருக்கும், கறி இருக்காது.